பதினேழாவது கேள்வி

ஏப்ரல் 2

அன்புள்ள என்னங்க,

வாயாடி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் இங்கே சுகம். அங்கே நீங்கள் சுகமா என்பதை நீங்களே சொன்னால்தான் உண்டு. போன மாதம் நான்கு முறை ஃபோன் செய்தேன். நான்கு முறையும் “சிக்னல் இல்லை, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டீர்கள். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வருகிறது என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதம். இதற்கு சிக்னல் வேண்டாம், பாதியில் வைத்துவிடவும் முடியாது.

அத்தைக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஆபரேஷன். அதுவரைக்கும் நான்தான் அவருக்குக் கண். நேற்று சமையலறையில் நின்றுகொண்டு, “ஏன்டி, நீ கொஞ்சம் வெளுத்துட்டே போலிருக்கே” என்றார். “அத்தை, நீங்க பார்க்கிறது ஃப்ரிட்ஜ் கதவு” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். என்னோடு சேர்ந்து சிரிக்க அவருக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. பிள்ளையைவிட நாலு மாதம் மூத்தவளாக வந்து சேர்ந்ததற்கு அவர் என்னை இன்னும் முழுதாக மன்னித்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது முக்கியமான சேதி. நானும் உங்களைப் போல ஒர்க்கிங் ஹாலிடே விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் கிளம்பும்போது சொன்னது நினைவிருக்கிறதா? “முன்னாடி நான் போறேன், ஆறு மாசத்துல நீ வந்துடு. ரெண்டு பேரும் ஒரு வருஷம் வேலை பார்ப்போம், ஊர் சுத்துவோம், திரும்பி வந்து சொந்தமா கண்ணாடிக் கடை போடுவோம்.” ஆறு மாதம் பதினாறு மாதமாகிவிட்டது. நீங்கள் ஒரு நீட்டிப்பும் வாங்கிவிட்டீர்கள். நான் மொழித் தேர்வில் தேறிவிட்டேன். எட்டு வருஷமாக லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியம்மா சான்றிதழ் எழுதித் தந்துவிட்டார். அத்தையைக் கீழ் வீட்டில் இருக்கும் உங்கள் சித்தி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தோராவது பிறந்த நாளுக்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் ஆயுளுக்கும் கிடையாது. என்னுடையது செப்டம்பர் 14. மறந்திருக்க மாட்டீர்கள்.

விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி திருமண நிலை. திருமணமானவர் என்றால் கணவர் பெயர், எந்த நாட்டில் இருக்கிறார், அவருடைய விசா எண் எல்லாம் கேட்கிறார்கள். உங்கள் விசா எண்ணை உடனே எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மொழித் தேர்வில் தேறியதற்கு வாழ்த்துகள். அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றிக் கேட்டு வருத்தமாக இருந்தது. நீ பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன கவலை.

எனக்கு இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பழம் பேக் செய்கிற இடத்தில் குளிர் அறை மூன்றும் இப்போது என் பொறுப்பில்தான். அங்கே ஊரில் வீடு வீடாக ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவனுக்கு இங்கே வீடு அளவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரம்மா பாவம், வயதானவர், முழங்கால் வலி. சத்தம் ஆகாது. அதனால்தான் ஃபோனில் அதிகம் பேச முடிவதில்லை.

விசா விஷயத்தில் அவசரப்படாதே. அறுவடை முடிந்து நிறையப் பேர் வேலை இல்லாமல் நிற்கிறார்கள். அக்டோபரில்தான் புது வேலைகள் திறக்கும். நீ அக்டோபரில் விண்ணப்பம் போடு. பதறாத காரியம் சிதறாது. விசா எண்ணை அப்போது அனுப்புகிறேன்.

புதிதாகக் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். இத்துடன் படம் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டு.

அன்புடன்,
உன் என்னங்க


மே 6

அன்புள்ள என்னங்க,

படம் கிடைத்தது. அத்தை கையில் வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இளைச்சிருக்கானா?” என்று கேட்டார். “இல்லை அத்தை, நல்லாத்தான் இருக்கார்” என்றேன்.

அக்டோபரில் போடச் சொல்கிறீர்கள். செப்டம்பர் 14 அக்டோபருக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? நாலு மாதம் மூத்தவள், நாலு மாதம் மூத்தவள் என்று ஆறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவருக்கு என் பிறந்த தேதி மறந்துபோனது ஆச்சரியம்தான். போகட்டும், வேலைப் பளு.

உங்கள் கறுப்புக் கண்ணாடி நல்ல ஃப்ரேம். அந்த மாதிரி வளைந்த லென்ஸில் போட்டிருப்பவரின் கண் தெரியாது, எதிரே நிற்பவர்கள் எல்லாம் தெரிவார்கள். பழக்க தோஷம், படத்தைக் கடைக்கு எடுத்துப் போய், லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். படம் எடுத்தவர் நன்றாக எடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா?

நான் இந்த மாதமே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறேன். விசா மையத்தில் உதவி ஜன்னலில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். “புருஷன் பெண்டாட்டின்னா ரெண்டு பேர் ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்கம்மா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும்” என்றார். அதனால் பதினேழாவது கேள்விக்கு நீங்கள் என்ன பதில் கொடுத்தீர்கள் என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். ஃபோனில் சொல்ல வேண்டாம், நான் தப்பாகக் குறித்துத் தொலைப்பேன்.

உங்கள்
வாயாடி


மே 24

அன்புள்ள வாயாடிக்கு,

உட்கார்ந்துகொண்டு நிதானமாகப் படி. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

பதினேழாவது கேள்வியில் நான் ‘திருமணமாகாதவர்’ என்ற கட்டத்தில் டிக் செய்திருக்கிறேன். எல்லாம் அந்த ஜெராக்ஸ் கடைக்காரரால் வந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். “கல்யாணம் ஆனவர்னு போட்டா பின்னாடியே குடும்பத்தைக் கூட்டிட்டு வந்துடுவாருன்னு சந்தேகப்படுவாங்க சார். சிங்கிள்னு போடுங்க, சட்டுனு கிடைக்கும்” என்றார். நானும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு நீட்டிப்பு கேட்டபோதும் அதையே போட வேண்டியதாகிவிட்டது. முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று மாற்றி எழுத முடியாது பார்.

ஆகவே நீயும் ‘திருமணமாகாதவர்’ என்றே போட்டுவிடு. என் பெயரை எங்கேயும் எழுதாதே. ஒரு சின்ன டிக். யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று. இங்கேயே நிரந்தரமாகத் தங்க ஒரு வழி வந்திருக்கிறது. எனக்காக ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார். வெறும் காகிதம்தான். விவரம் நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் என்னங்க


ஜூன் 8

என்னங்க,

‘அன்புள்ள’ என்பதை இந்த முறை விட்டுவிட்டேன். பதினேழாவது கேள்வியில் நீங்கள் என்னை விட்டுவிட்ட மாதிரி. ஒரு சின்ன வார்த்தைதானே, யாருக்கும் நஷ்டமில்லை.

உதவி ஜன்னல் அம்மாவிடம் மறுபடி போனேன். என் பின்னால் வரிசையில் பதினோரு பேர். “கல்யாணம் ஆனவங்களுக்கு இந்த விசா கிடைக்காதா?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யார் சொன்னது? தாராளமா கிடைக்கும். குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். கேட்டீர்களா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறீர்கள். அதுவும் அந்த வீட்டுக்குள் நானும் உங்கள் அம்மாவும் இருக்கும்போது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முழுப் பெண்டாட்டியை ஒரு டிக்கில் மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் படத்தைப் பற்றியும் பேசிவிடலாம். உங்கள் வலது பக்க லென்ஸில் ஒரு பெண் தெரிகிறாள். என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. வெறுங்காலோடு சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறாள். உங்கள் சட்டையைப் போட்டிருக்கிறாள், நான் பட்டன் மாற்றித் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. முழங்கால் வலி உள்ளவர்கள் சுவர் ஏற மாட்டார்கள். எட்டு வருஷம் பிறத்தியார் கண்ணுக்குக் கண்ணாடி போட்டவளிடம் வந்து கண்ணாமூச்சி விளையாடுகிறீர்களே.

என் வயிறு எரிகிறது. இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எரிகிறது, அவ்வளவுதான்.

நான் எந்தக் கட்டத்தில் டிக் செய்வேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. முதலில் நீங்கள் எழுதுங்கள். அவள் யார், எத்தனை நாளாக, என்ன உறவு என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள், அந்தத் தாளில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உங்கள் கையெழுத்தில், தேதி போட்டு. உங்கள் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் என் பேனாவை எடுப்பேன்.

வாயாடி


ஜூன் 26

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்டபடியே ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். இதற்குப் பிறகாவது உன் கோபம் தணியட்டும்.

அவள்தான் வீட்டுக்காரி. முப்பத்து மூன்று வயது. முழங்கால் வலி என்று எழுதியது நீ வீணாகக் கவலைப்படக் கூடாது என்பதற்காகத்தான். பத்து மாதமாக நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம். மார்ச் மாதம் அவளுடைய துணைவர் என்று சொல்லி, இங்கே தங்குவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதிலும் எனக்கு இதுவரை திருமணமே ஆகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. அவளும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள். இதுதான் முழு உண்மை. போதுமா?

நான் வேண்டுமென்று செய்யவில்லை. தனியாக இருந்து பார்த்தால்தான் தெரியும். குளிர் அறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால், யாராவது ஒருவர் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க மாட்டார்களா என்று இருக்கும். அவள் கேட்டாள்.

இப்போது உன் கையில்தான் எல்லாம் இருக்கிறது. நீ ‘திருமணமாகாதவர்’ என்று போட்டால் உனக்கும் விசா கிடைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. மாற்றிப் போட்டால் இரண்டு ஃபைலும் சிக்கும், நீயும் சேர்ந்து மூழ்குவாய். இல்லாவிட்டால் செப்டம்பர் வரை பேசாமல் இருந்துவிடேன். வயது தாண்டிவிட்டால் உனக்கும் இந்த அலைச்சல் இல்லை. கடையில் நல்ல வேலை இருக்கிறது. அம்மாவுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? என் காகிதம் கைக்கு வந்ததும் விவாகரத்து வேலையைச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் எனக்கு வேலை அதிகம் என்று சொல். அது போதும்.

கடைசியாக ஒன்று. நீ என்னைவிட மூத்தவள். மூத்தவர்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் என்னங்க


ஆகஸ்ட் 3

வாயாடி,

ஏன் பதில் இல்லை? ஒன்பது முறை ஃபோன் செய்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். அங்கே சிக்னல் இல்லையா? சித்தியைக் கூப்பிட்டால் “அவங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறார். என்னிடம் யாரும் சரியாகப் பேசுவதில்லை.

இங்கே விசா அலுவலகத்திலிருந்து இருபதாம் தேதி நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எதற்கு என்று எழுதவில்லை. நீ எந்தக் கட்டத்தில் டிக் செய்தாய்? அதை மட்டும் ஒரே ஒரு வரி எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் என்னங்க


செப்டம்பர் 14

திருமணமாகாதவர் அவர்களுக்கு,

சிக்னல் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரி இது. ஜூலை 10ஆம் தேதி, பதினேழாவது கேள்வியில், இரண்டாவது கட்டத்தில் டிக் செய்தேன். திருமணமானவர்.

மொத்தம் ஐந்து கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் ‘துணையை இழந்தவர்’. அதன் மேல் என் பேனா கொஞ்ச நேரம் நின்றது உண்மை. ஆசை யாரை விட்டது? ஆனால் விண்ணப்பத்தின் அடியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமே. உங்களுக்கு அது பழக்கம், எனக்கு இல்லை.

பத்தே நாளில் அவர்களிடமிருந்து கேள்வி வந்தது. ‘உங்கள் கணவர் என்று நீங்கள் குறிப்பிடுபவர் தனக்குத் திருமணமே ஆகவில்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டா?’ இருக்கிறதே என்று அனுப்பினேன். பதிவு அலுவலகத்தில் கொடுத்த திருமணச் சான்றிதழ். அதோடு உங்கள் மே 24 கடிதமும் ஜூன் 26 கடிதமும், வரிக்கு வரி மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி. உதவி ஜன்னல் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தெளிவா, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு யாரும்மா எழுதிக் கொடுப்பாங்க?” என்றார். என் வீட்டுக்காரர் கொடுப்பார் என்றேன். நானும் சேர்ந்து மூழ்குவேன் என்று பயமுறுத்தினீர்கள். உண்மையை எழுதினவளை யாரும் மூழ்கடிக்கவில்லை. செப்டம்பர் 5ஆம் தேதி, பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால், விசா வந்துவிட்டது.

என்னை வாயாடி என்று பேர் வைத்துக் கூப்பிட்டீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மூன்று மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பேசினது முழுக்க நீங்கள்.

இன்னொரு ஆதாரமும் அனுப்பினேன். ஒரு சாட்சியின் வாக்குமூலம். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வந்த அன்றே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ‘இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே’ என்ற வரியையும் சேர்த்து. மே மாதக் கடிதத்தைக் கேட்டபோது, “அவனுக்குக் கல்யாணமே ஆகலையாமா? அப்போ அன்னிக்கு அந்த ஆபீஸ்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேனே, எதுக்கு நின்னேன்?” என்றார். ஜூன் மாதக் கடிதத்தில் ‘அம்மாவுக்கு உன்னை விட்டால் யார்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் படித்தேன்.

“என்னைக் கயிறா திரிச்சு உன்னைக் கட்டிப் போடப் பார்க்கிறான்” என்றார். “தாளை எடு. எங்கே கையெழுத்துப் போடணும்னு என் விரலைப் பிடிச்சு வை.”

வைத்தேன். இவன் என் மகன், இவள் என் மருமகள், திருமணத்தன்று நான் அங்கே இருந்தேன் என்று மூன்று வரி. கண் தெரியாததால் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது. போட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை. பெற்றவர் அவர், அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்வேன். ஒரு நாள் அழுதேன். ‘பத்து மாதமாக’ என்று எழுதியிருந்தீர்களே, அதை விரல் விட்டுப் பின்னால் எண்ணிப் பார்த்த அன்று. அந்தப் பத்து மாதத்துக்குள் என் போன பிறந்த நாளும் வந்தது. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டு நாற்பது நிமிஷம் பேசினீர்கள். அன்று மட்டும் சிக்னல் நன்றாக இருந்தது. அந்த ஒரு அழுகையோடு சரி. உங்களை இருபதாம் தேதி நேரில் வரச் சொன்னார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழி தீர்த்தால் மனது நிறையாது என்று சொல்கிறவர்கள் சரியாகத் தீர்க்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு நிறைந்தது. அன்றைக்குக் கடையில் ஒன்பது லென்ஸ் தேய்த்தேன், ஒன்றுகூட உடையவில்லை.

உங்கள் வீட்டுக்காரிக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். பதிவு அலுவலக வாசலில் நீங்களும் நானும் நிற்கும் படம். பின்பக்கம் அவளுடைய மொழியில், ‘நீங்கள் எடுத்த படத்துக்கு நன்றி, இது அதற்குப் பதில்’ என்று எழுதினேன். பாவம், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடமும் நீங்கள் கல்யாணமாகாதவர்தானே.

அடுத்த வாரம் நான் கிளம்புகிறேன். அதே நாடுதான். எந்த ஊர், என்ன வேலை என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். நான் போய் இறங்கும்போது உங்களை ஊருக்கு அனுப்பிவைத்திருப்பார்கள். அலமாரிச் சாவி சித்தியிடம் இருக்கிறது. விவாகரத்துத் தாள்கள் அலமாரியில், இரண்டாவது தட்டில். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டால், அடுத்த முறை எங்காவது விண்ணப்பிக்கும்போது நான்காவது கட்டத்தில், ‘விவாகரத்தானவர்’ என்பதில், உண்மையாகவே டிக் செய்யலாம்.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதுக் கண்ணாடிக்கு லென்ஸ் நானே தேய்த்துக் கொடுத்தேன். கடையில் என் கடைசி வேலை அதுதான். போட்டுப் பார்த்துவிட்டு, சுவர்க் காலண்டரில் அச்சகத்தின் பெயரைக்கூட எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். “நீ வெளுக்கவும் இல்லை ஒண்ணும் இல்லை, இளைச்சுத்தான் போயிருக்கே” என்றார்.

நேற்றுக் காலையில், “அவன் எப்போ வர்றான்?” என்று கேட்டார்.

“சீக்கிரமே வந்துடுவார் அத்தை.”

“வரட்டும். இப்போ எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்கணும்.”

என்ன கேட்கப் போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார், போட்டுவிட்டேன்.

உள்ளே போகும்போது அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
திருமணமானவள்